புளியங்கொட்டையைத் துப்புன சடச்சி

நகந்து படு. இன்னும் கொஞ்சம். பெரியம்மாவுக்கும் இடம் வேணுமா வேணாமா? நீ இருக்கிற உசரத்துக்கு முக்கால் பாய் கேக்குது உனக்கு.

சாயங்காலத்துலேருந்து வாயே தெறக்கல நீ. தோசை வேணுமாடின்னா தலையை ஆட்டுற. போதுமாடின்னா அதுக்கும் தலையை ஆட்டுற. உங்கம்மா பிரசவ வலி வந்து ஆட்டோவுல ஏறி ஆஸ்பத்திரிக்குப் போறப்போ, "நாச்சி, அம்மா போயிட்டு வரேன்டா"ன்னு எத்தனை தடவ சொன்னா? நீ கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு ஒத்த வார்த்தை சொல்லல.

ஏன்னு எனக்குத் தெரியும். மத்தியானம் காதுகுத்து வீட்டுல, "அந்தப் பந்தக்கால் விழப்போகுது"ன்னு நீ சொன்ன. அது விழுந்துருச்சு. உடனே அந்த வெத்தலைப்பெட்டிக் கெழவி உன் தாடையைப் புடிச்சு, நாக்கை நீட்டச் சொல்லி, "ஆத்தாடி, கருநாக்கு! இவ சொன்னா பலிச்சிரும்"னு ஊரைக் கூட்டுனா. இருக்கட்டும். அவளை அப்புறம் வெச்சுக்கிறேன் நான்.

நீ பேச வேணாம். கதை சொல்றேன், 'ம்' மட்டும் கொட்டு. 'ம்'முக்கு நாக்கே வேணாம், மூக்கு போதும். சரியா?

"ம்."

அதான்.

ஒரு ஊர்ல ஒரு கெணறு... இருந்துச்சுன்னு சொல்லப் போறேன்னு நெனச்சியா? அதுதான் கெடையாது. ஒரு ஊர்ல ஒரு கெணறுகூட கெடையாது! அந்த ஊருக்குப் பேரு சுள்ளிப்பட்டி. பேருக்கு ஏத்த ஊரு, எங்க தொட்டாலும் சுள்ளுன்னு சுடும். தண்ணி வேணும்னா மூணு மைலு நடந்து ஓடைக்குப் போகணும். கோழி கூவுறதுக்கு முன்னாடி பொம்பளைங்க கெளம்புனா, வெயில் ஏறுனப்புறம்தான் திரும்பி வருவாங்க. கொண்டாந்த கொடத்துல பாதி வழியிலயே தளும்பிப் போயிரும். மிச்சத்துலதான் சோறு, மிச்சத்துலதான் குளியலு. உன்னை மாதிரி பக்கெட்டுல ஒக்காந்து விளையாடுற சோலியெல்லாம் அங்க நடக்காது.

அப்புறம், அந்த ஊர்ல வாய்க்கு ரொம்பக் கட்டுப்பாடு. அரிசி தீந்துபோச்சுன்னு சொல்லக்கூடாது, "அரிசி நெறஞ்சிருக்கு"ன்னு சொல்லணும். வெளக்கை அணைன்னு சொல்லக்கூடாது, "குளிர வை"ன்னு சொல்லணும். வாசல்ல எறங்குறப்போ போறேன்னு சொல்லக்கூடாது, "போயிட்டு வாரேன்"னு சொல்லணும். நம்ம வீட்டுலயும் அப்படித்தானே?

"ம்."

அந்த ஊர்ல சடச்சின்னு ஒரு பொண்ணு. அஞ்சு வயசு, உன்னைவிட ஒரு வயசு சின்னவ. அவ அய்யா பேரு சோணை, மண்ணு தோண்டுற வேலை. ஆத்தா பேரு இருளாயி. சடச்சிக்கு ஒரு பழக்கம். எதைப் பாத்தாலும் உத்துப் பாப்பா. நின்னு, குனிஞ்சு, தொட்டுப் பாப்பா. பாத்ததை அப்படியே பட்டுன்னு சொல்லிருவா. அங்கதான் வெனை.

ஒரு நாளு ஊரு அம்பலம் ஊஞ்சல்ல ஒக்காந்து ஆடிக்கிட்டிருக்காரு. அம்பலம்னா ஊர்ப் பெரியவரு. ஆளு நெல்லு மூட்டை மாதிரி இருப்பாரு. சடச்சி அண்ணாந்து கயித்தைப் பாத்தா. மூணு புரியில ரெண்டு புரி அந்து தொங்குது. "மாமா, ஆடாதீக. விழுந்துருவீக"ன்னா. "போடி பொடிசு"ன்னுட்டு அவரு இன்னும் ரெண்டு உந்து உந்துனாரு. கிரீச்... கிரீச்... கிரீச்... தொம்!

சிரிக்கிறியா? சத்தம் போடாம சிரிக்கிற, வயிறு குலுங்குது எனக்குத் தெரியுது.

அப்புறம் ஒரு நாளு, ஒச்சாயிக் கெழவி வீட்டுப் பக்கம் போறா. அந்த ஊரு வெத்தலைப்பெட்டி அவதான்னு வெச்சுக்கோ. ஊர்ல எது நடந்தாலும் முதல்ல அவ வாய்லதான் நடக்கும். அவ வீட்டு மண்ணு செவுத்துல ஒரு வெடிப்பு. முந்தாநாள் வெரலு நொழையாத வெடிப்புல இன்னைக்குக் கையே நொழையுது. அடியில மண்ணு பொலபொலன்னு உதிருது. "அப்பத்தா, இந்தச் செவுரு விழுகப்போகுது"ன்னா சடச்சி. மறுநாள் காலையில தட தட தடார்! செவுரு விழுந்து, கெழவி ஆசையாப் போட்டு வெச்சிருந்த நார்த்தங்கா ஊறுகாச் சாடி நொறுங்கிப் போச்சு.

அப்புறம் மூணாவதா, கோயில் திருவிழா. ஊரே தெருவுல அடுப்பு மூட்டிப் பொங்கப் பானை வெச்சிருக்கு. எறும்பு முட்டையைத் தூக்கிக்கிட்டுச் சாரை சாரையா மேட்டுக்கு ஏறுது. அதைப் பாத்துட்டு, "இன்னைக்கு மழை வரும்"னா. பானை பொங்குற நேரத்துக்கு ஜோன்னு மழை! அம்புட்டு அடுப்பும் புஸ்ஸு புஸ்ஸுன்னு அடங்கிப்போச்சு.

அப்போ ஒச்சாயிக் கெழவி என்ன பண்ணுனா? சடச்சி தாடையைப் புடிச்சு நாக்கை நீட்டுடின்னா. நீட்டுனா, நடுநாக்குல கேப்பை மணி அளவுக்கு ஒரு கருப்பு மச்சம். "கருநாக்குடி! கெட்டது சொல்லுவா, அது பலிக்கும்!"னு தெருத்தெருவாக் கத்துனா. தண்ணிக்குச் செத்த ஊரு, மழை வந்ததுக்கு ஒரு புள்ளையைத் திட்டுச்சு பாத்துக்கோ! அந்த மழைக்கு அப்புறம் ஏழு வருசம் சரியா மழையே பேயல. அதுக்கும் அவளைத்தான் திட்டுச்சு.

"ம்."

அவ ஆத்தா இருளாயி பாவம், என்ன செய்வா? ஊரு வாயை மூட அவகிட்ட மூடி ஏது? அதனால மக வாயை மூடுனா. அழுதுக்கிட்டே ஒரு புளியங்கொட்டையைத் தொடச்சு, "வெளிய போறப்போ இதை வாயில அடக்கிக்க தாயி. நாக்கு பெரளாது, பொல்லாப்பு வராது"ன்னு குடுத்தா. அன்னையிலேருந்து சடச்சி கன்னத்துல புளியங்கொட்டை. யாரு என்ன கேட்டாலும் "ம்". அம்புட்டுத்தான். அஞ்சு வயசுல அடக்குன கொட்டை, பன்னெண்டு வயசாகியும் வாயை விட்டு எறங்கல. கொட்டைதான் மாறுச்சு, ஊமை மாறல. எனக்கு அந்த ஊரை நெனச்சா இப்பவும் ரெண்டு சாத்து சாத்தலாம்னு இருக்கு.

அப்புறம், ஓடையும் வத்துச்சு. இனி கெணறு வெட்டினாத்தான் பொழப்புன்னு ஊரு கூடிப் பேசுச்சு. சோணைதான் முன்னாடி நின்னான்.

முதல்ல அம்பலத்தோட கொல்லையில தோண்டுனாங்க. பத்து அடி, இருவது அடி. ணங்! பாறை. மேல ஒக்காந்திருந்த ஒச்சாயி, "எனக்கு அப்பவே தெரியும், வராது"ன்னா. அதைக் கேட்டதும் தோண்டுறவங்க கை துவண்டுபோச்சு. கடப்பாரையைப் போட்டுட்டு ஏறி வந்துட்டாங்க.

அப்புறம் கோயிலுக்குத் தெக்க தோண்டுனாங்க. பத்து அடி, இருவது அடி, முப்பது அடி. புஸ்ஸு! மண்ணு வெள்ளைப் பொடியாப் பறக்குது. "சபிச்ச ஊருடா இது, எங்க வெட்டுனாலும் வராது"ன்னு ஆளாளுக்குச் சொன்னாங்க. அரிசிக்கு 'நெறஞ்சிருக்கு'ன்னு சொல்லத் தெரிஞ்ச ஊருக்குத் தண்ணிக்கு ஒரு நல்ல வார்த்தை வரல பாரு.

மூணாவது எடத்துக்கு ஆளு வரல. சோணையும் இன்னும் நாலு பேரும்தான். சோணை மகளைக் கூப்புட்டான். "நீ எல்லாத்தையும் உத்துப் பாக்குறவளாச்சே. எங்க வெட்டலாம் தாயி?"ன்னான். சடச்சி வாயைத் தெறக்கல. கையை நீட்டுனா. மேட்டோரத்துல ஒரு நாவமரம், ஏழு வருச வெயிலுக்கும் இலை வாடாம நிக்குது. பக்கத்துல ஒரு கறையான் புத்து, கையை வெச்சா சில்லுன்னு இருக்கு.

"கருநாக்குக்காரி காட்டுன எடத்துலயா?"ன்னு ஒச்சாயி மொனங்குனா. "அவ நாக்கால காட்டல, வெரலால காட்டுனா. வெரல்ல மச்சம் கெடையாது"ன்னுட்டு சோணை மம்பட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டான். அப்படி ஒரு அய்யா இருந்தா எந்தப் புள்ளையும் பொழச்சுக்கும்.

தெனமும் காலையில கயித்தைப் புடிச்சு உள்ள எறங்குறப்போ, "போயிட்டு வாரேன் தாயி"ம்பான் சோணை. மத்த புள்ளைகளா இருந்தா "போயிட்டு வாய்யா"ன்னு சொல்லும். சடச்சி கொட்டையைக் கன்னத்துல ஒதுக்கிக்கிட்டு, "ம்"பா. பத்து அடி, இருவது அடி, முப்பது அடி. மண்ணு ஈரமா வருது. சோணைக்குச் சந்தோசம் தாங்கல. ஈரம் வர்ற பக்கமா, ஒரு ஆளு ஒக்கார்ற அளவுக்கு உள்ளுக்குள்ள கொடைஞ்சு போறான்.

அப்போ, கெணத்து மேட்டுல மண்ணுக் கூடையைக் கொட்டிக்கிட்டிருந்த சடச்சி குனிஞ்சு பாத்தா. பக்கவாட்டுல ஒரு வெடிப்பு. அதுலேருந்து மண்ணு உதிருது. பொலபொல... பொலபொல... ஒச்சாயி வீட்டுச் செவுத்துல உதிர்ந்த அதே உதிரு.

"ம்?"

ஆமாடி. அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. "அய்யா, மேல வா"ன்னு சொல்லணும். வாயைத் தெறந்தா. ஆனா நான் சொல்லி மண்ணு சரிஞ்சா? என் நாக்குதான் சரிச்சுச்சுன்னு ஆயிருமேன்னு மூடிக்கிட்டா. மண்ணு பொலபொலன்னுச்சு. ரெண்டாந்தரம் தெறந்தா, மூடிக்கிட்டா. மூணாந்தரம் தெறந்தா. புளியங்கொட்டையை நாக்கு நுனி வரைக்கும் தள்ளிட்டா...

தொம்!

கையைக் குடு. பயப்படாத, கதைதான். பெரியம்மா கெட்ட கதை சொல்லுவேனா உனக்கு?

மண்ணு சரிஞ்சு சோணையை உள்ள வெச்சு மூடிருச்சு. மேல இருந்த நாலு பேரும் கத்துனாங்க, ஊரே ஓடி வந்துச்சு. அம்பலம் எட்டிப் பாத்தாரு. "ஆளு போயாச்சுடா. இனி எவனும் எறங்கக் கூடாது, எறங்குனா அவன் மேலயும் சரியும்"னாரு. எடுத்த மம்பட்டியை எல்லாரும் கீழ போட்டாங்க. ஒச்சாயி மாருல அடிச்சுக்கிட்டு ஒப்பாரியே ஆரம்பிச்சுட்டா. "ஐயோ போயிட்டியே சோணை! பச்ச மண்ணு மூடிப் போயிட்டியே!" இருளாயி அப்படியே மடங்கி விழுந்துட்டா.

சடச்சி மட்டும் அழல. தரையில படுத்துக் காதை வெச்சா.

ணங்.

கேட்டியா? உள்ளேருந்து. அவன் கொடைஞ்சு வெச்ச பொந்துக்குள்ள ஒக்காந்திருக்கான். உசுரோட இருக்கான்! கல்லும் கட்டியுமா விழுந்ததுனால இடுக்குல காத்து போகுது. கடப்பாரையால பாறையில தட்டுறான். ணங். ணங். ணங்.

மேல ஒப்பாரி பெருசாச்சு. "போயிட்டியே! இனி வர மாட்டியே!" அதுக்கேத்த மாதிரி கீழ தட்டுற சத்தம் கொறஞ்சுச்சு. ணங்... ணங்... அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு, ணங்.

சடச்சிக்குப் புரிஞ்சுபோச்சு. காத்து போற இடுக்குல வார்த்தையும் போகுமில்ல? மேல பேசுறது அம்புட்டும் அவ அய்யாவுக்குக் கேக்குது! போயிட்டான் போயிட்டான்னு ஊரே சொன்னா, உள்ள இருக்கிறவன் என்ன நெனப்பான்? சரி, நான் போயிட்டேன் போலன்னு கையைத் தளர விட்டுருவான்.

சடச்சி எந்திரிச்சா. ஏழு வருசமா வாயில இருந்த புளியங்கொட்டையை, தூ! துப்புனா பாரு, அம்பலத்தோட காலைத் தாண்டிப் போய் விழுந்துச்சு.

"அழுகையை நிறுத்துங்க!"ன்னா.

ஊரே திரும்பிப் பாத்துச்சு. அவ கொரலு எப்படி இருக்கும்னே மறந்துபோன ஊருல்ல அது. முதல்ல வாய் தெறந்தது ஒச்சாயிதான். "வாயை மூடுடி! உன் நாக்கு பட்டுத்தான் மண்ணு சரிஞ்சுச்சு!"

"மூடித்தான் அப்பத்தா இருந்தேன்"ன்னா சடச்சி. "மண்ணு உதிர்றதைப் பாத்தேன். உங்களுக்குப் பயந்துக்கிட்டு மூடிக்கிட்டேன். நான் ஒண்ணுமே சொல்லல. சொல்லாமயே சரிஞ்சிருச்சே! சொல்லியிருந்தா எங்கய்யா ஏறி வந்திருப்பாரு!"

சடச்சி ஒச்சாயிக்கு நேரா வந்து நின்னா.

"இப்பச் சொல்றேன் கேட்டுக்கங்க. பொழுது சாயறதுக்குள்ள எங்கய்யா உசுரோட மேல வருவாரு. நான் சொன்னா பலிக்கும்னு ஊரெல்லாம் சொன்னீகள்ல அப்பத்தா? இது பலிக்குமா, பலிக்காதா?"

ஒச்சாயி முழிச்சா. அம்பலத்தைப் பாத்தா, ஆகாசத்தைப் பாத்தா. அப்புறம், "பலிக்கும்"னா. வேற என்ன சொல்ல முடியும் அவளால? ஏழு வருசமா அதைத்தானே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா!

அவ 'பலிக்கும்'னு சொன்னதுதான் தாமசம், ஒருத்தன் குனிஞ்சு மம்பட்டியை எடுத்தான். அப்புறம் இன்னொருத்தன். அப்புறம் பத்துப் பேரு. சோணை வரத்தான் போறான்னு ஆகிப்போச்சுல்ல, அப்போ தோண்ட வேண்டியதுதானே? நெல்லு மூட்டை அம்பலமே வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுக் கயித்தைப் புடிச்சுட்டாரு.

சடச்சி மேட்டுல படுத்துக்கிட்டு உள்ள கொரல் குடுத்தா. "அய்யா! நான் சடச்சி பேசுறேன்! முப்பது பேரு தோண்டுறோம். இப்ப வந்துருவோம். தட்டுய்யா!"

ணங்! ணங்! ணங்!

பாத்தியா? வார்த்தை போய்ச் சேந்துருச்சு.

அப்புறம் என்னாச்சு, ஆளுக வடக்குப் பக்கமா எறங்கப் போனாங்க. சடச்சி பாத்தா, அங்க பொலபொல. "அந்தப் பக்கம் எறங்காதீக! அங்க சரியும்!"னு கத்துனா. இந்தத் தடவ எவனும் 'கருநாக்கு'ங்கல. எல்லாரும் சட்டுன்னு தெக்குப் பக்கம் ஒதுங்குனாங்க. அடுத்த நிமிசம் வடக்குப் பக்கம் தடார்! ஒருத்தன் மேலயும் ஒரு கட்டி விழல. பனங்கட்டையை வெச்சு முட்டுக் குடுத்துட்டுத் திரும்பவும் தோண்டுனாங்க. சரக்கு சரக்கு, சரக்கு சரக்கு. கூடை கூடையா மண்ணு மேல வருது.

அப்புறம் ஒரு பெரிய பாறாங்கல்லு. அதைக் கயித்துல கட்டித் தூக்கணும். சடச்சி கயித்தைப் பாத்தா. "இது வேணாம், புரி அந்திருக்கு"ன்னா. அம்பலம் ஒரே கத்து கத்துனாரு. "கயித்தை மாத்துங்கடா! இவ கயிறு பாக்குற கணக்கு எனக்குத் தெரியும், என் இடுப்புக்குத் தெரியும்!" அந்தத் தவிப்புலயும் நாலு பேரு சிரிச்சாங்க. சிரிப்பு வந்தா தெம்பும் வருமில்ல? புதுக் கயித்தைப் போட்டு, ஐலசா ஐலசான்னு கல்லை மேல தூக்கிட்டாங்க.

அப்புறம்தான் மூணாவது. மூணாவதுதான் பெருசு. முழிச்சிருக்கியா?

"ம்."

தட்டுற சத்தம் நின்னுபோச்சு.

எல்லாரும் கையை நிறுத்திட்டுக் காதைக் குடுத்தாங்க. ணங் இல்ல. அதுக்குப் பதிலா வேற ஒரு சத்தம். சளக்... சளக்... களகள களகள... தண்ணி! ஏழு வருசமா அந்த ஊரு ஏங்குன தண்ணி, இப்போ பொந்துக்குள்ள ஊறுது. உள்ள மனுசன் ஒக்காந்திருக்கான். சந்தோசப்படுறதா, அழுறதா?

"முழுகியிருப்பான்டா"ன்னு ஒருத்தன் மெதுவாச் சொன்னான். மம்பட்டி திரும்பக் கீழ எறங்குச்சு. எல்லாரும் சடச்சியைப் பாத்தாங்க. அவ என்ன சொல்லப் போறாளோன்னு.

அவளுக்கும் பயம்தான்டி. பயமில்லாமப் பேசுனான்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம். நாக்கு ஒட்டிக்கிச்சு. வராதுன்னு ஒரு வார்த்தை உள்ள வந்து நிக்குது. அதை முழுங்கிட்டா. காலையில அவ சொல்லாம விட்ட வார்த்தையைத் தேடி எடுத்தா. மேட்டு விளிம்புல தலையைத் தொங்க விட்டுக்கிட்டுக் கத்துனா.

"அய்யா! போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுத்தானே எறங்குன? நான் 'ம்'னு மட்டும் சொன்னேன். இப்பச் சொல்றேன். போயிட்டு வாய்யா! போயிட்டு வா!"

ஒண்ணும் கேக்கல.

அப்புறம்... டொக்.

கடப்பாரை தண்ணிக்குள்ள போயிருச்சு போல. கல்லை எடுத்துத் தட்டுறான். டொக். டொக். டொக்.

அவ்வளவுதான்! ஒருத்தனும் கூடையைத் தேடல, மம்பட்டியைத் தேடல, கையாலயே பறிச்சாங்க. பறக் பறக்குன்னு பறிச்சதுல ஒரு கை உள்ளேருந்து நீட்டுச்சு. ஒரு இழு, ரெண்டு இழு, மூணாவது இழுவுல சோணை வெளிய வந்துட்டான். தலையிலேருந்து காலு வரைக்கும் சேறு, கண்ணு மட்டும் வெள்ளையாத் தெரியுது. கழுத்து வரைக்கும் தண்ணி ஏறியிருந்துச்சாம். அவன் பின்னாடியே களகளன்னு தண்ணி ஓடி வருது. மேல ஏத்துனப்போ பொழுது இன்னும் பனைமரத்து ஒசரத்துல நிக்குது. பொழுது சாயறதுக்குள்ளன்னு சொன்னாளா? சொன்ன சொல்லு நின்னுச்சு.

சோணை மகளைப் பாத்து மூச்சு வாங்கிக்கிட்டே, "போயிட்டு வந்துட்டேன் தாயி"ன்னான். அப்பதான் அவ அழுதா. வாய் விட்டு, ஓன்னு. ஏழு வருச அழுகை.

நீ ஏன்டி கண்ணைக் கசக்குற? அவன்தான் வந்துட்டான்ல.

அப்புறம், தண்ணி அவ வாயிலேருந்தா வந்துச்சு? நாக்குலேருந்தா வந்துச்சு? மண்ணுலேருந்து வந்துச்சு. தோண்டுனது கை. ஆனா கீழ விழுந்த கையைத் தூக்கி விட்டது யாரு? அவ வாயி. 'அங்க எறங்காதீக'ன்னதும் அதே நாக்குதான், 'வந்துருவாரு'ன்னதும் அதே நாக்குதான். ரெண்டுமே நல்ல வார்த்தைதான்னு ஊருக்கு அன்னைக்குத்தான் ஒறச்சுச்சு.

மறுநாளு ஒச்சாயிக் கெழவி வாசலுக்கு வந்தா. முந்தானைக்குள்ள கையை ஒளிச்சு வெச்சிருக்கா. "என் வாய்க்குச் சூடு போடணும். உன் வாய்க்குச் சர்க்கரை போடணும். ஆனா வீட்டுல சர்க்கரை நெறஞ்சிருக்கு"ன்னு சொல்லி ஒரு துண்டு கருப்பட்டியைச் சடச்சி வாயில வெச்சா. நெறஞ்சிருக்குன்னா என்ன அர்த்தம்? ஆங், டப்பா காலி! சடச்சி சப்பிச் சப்பித் தின்னா. புளியங்கொட்டை இருந்த கன்னத்துல கருப்பட்டி.

அன்னையிலேருந்து அந்த ஊர்ல வெதை போடணுமா, பிரசவத்துக்குப் போகணுமா, வண்டி கட்டணுமா, "சடச்சி, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ"ன்னு கூப்புடுவாங்க. அவளும் முதல்ல அச்சாணி சரியா இருக்கான்னு குனிஞ்சு பாப்பா, அப்புறம்தான் "போயிட்டு வாங்க"ம்பா. சும்மா சொல்லிட மாட்டா.

அந்தப் புளியங்கொட்டையைக் கேக்கலையே நீ? துப்புனாளே, அம்பலத்தோட காலைத் தாண்டி? அது கெணத்தோரத்து ஈரத்துல முளைச்சுருச்சு. பெரிய மரமாயிருச்சு. அதுக்கடியில தண்ணிக் கொடத்தை எறக்கி வெச்சுட்டு நிக்கிற பொம்பளைங்க, வராது, ஆகாது, முடியாதுன்னு ஒரு வார்த்தை பேச மாட்டாங்களாம். யாராவது தெரியாமப் பேசிட்டா மேலேருந்து ஒரு புளியம்பழம் டொக்குன்னு தலையில விழுமாம்.

இப்ப நான் சொல்றதைக் கேளு. மத்தியானம் அந்தப் பந்தக்கால் ஆடுனதை நீ பாத்த. பாத்ததைச் சொன்ன. நீ சொன்னதுனாலதான் உங்க சித்தப்பா கைக்குழந்தையோட எந்திரிச்சு நகந்தாரு, அது எனக்குத் தெரியும். நான் பக்கத்துலதான் நின்னேன். அந்தக் கெழவிக்கு அது தெரியல. எங்க, நாக்கை நீட்டு பாப்போம். ம், இருக்கு. கடுகளவு இருக்கு. அழகாத்தான் இருக்கு.

உங்கம்மா ஆட்டோவுல ஏறிட்டும் எட்டி எட்டி வாசலையே பாத்துக்கிட்டிருந்தா. உன் வாயிலேருந்து ஒரு வார்த்தைக்குத்தான். நீ சொன்னா ஏதாவது ஆயிரும்னு பயந்துட்ட, இல்ல? ஒரு உண்மை சொல்லட்டா? எனக்கும் பயமாத்தான் இருக்கு. அவ என் தங்கச்சி. சாயங்காலத்துலேருந்து போனையே பாத்துக்கிட்டிருக்கேன். யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டாங்களான்னு இருக்கு எனக்கு. இந்த வீட்டுல இப்போ உன்னை விட்டா ஆளு யாரு இருக்கா?

...

மெதுவாச் சொன்னாலும் போதும். காதுல சொல்லு.

"அம்மா போயிட்டு வா."

ம்.

"பாப்பாவத் தூக்கிட்டு வந்துரும் அம்மா. நாளைக்கே வந்துரும்."

ம். ம். உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்டி தங்கம். ஆனா நம்ம வீட்டுலயும் நெறஞ்சிருக்கு. காலையில வாங்கிப் போடுறேன். பாப்பாவுக்கும் சேத்து.

"பெரியம்மா, போன் அடிச்சா எழுப்புவியா?"

எழுப்புறேன். வாய் தெறந்தாச்சு, இனி நிறுத்த மாட்ட நீ. போதும் போதும், வெளக்கைக் குளிர வெக்கிறேன். கெணத்துல தண்ணி ஊறியாச்சு, சோணையும் கரையேறியாச்சு, கதையும் கரையேறியாச்சு. தூங்கு.